சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் – பேராசிரியர் மகலனோபிஸ்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, நம் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிடச் சுவையாக எழுத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் படித்தது கணிதம், பிழைத்தது புள்ளிவிவரத்தில். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை என்று கொல்லை கொல்லையாக அலைந்து விளைச்சல் கணக்கு எடுத்தவன். ஆகவே என் தொழிலுக்கு இந்த நாட்டில் அடித்தளம் போட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. என் அண்ணன் மகள் வேளாண்மையில் முதுகலை படிக்கிறாள். 30 வகை மக்காச்சோளத்தை வரிசையாக விதைத்து, செடியின் உயரம், கருது எந்த உயரத்தில் இருக்கிறது, பூக்க எத்தனை நாள், கருதின் நீளம், நூறு மணியின் எடை என்று 12 குணங்களை அளந்து வைத்திருந்தாள். பொங்கலுக்கு வந்தவள், மகலனோபிஸ் டி-ஸ்கொயர் என்று ஒரு கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு விட்டேன், விடையும் வந்து விட்டது, ஆனால் இந்த மகலனோபிஸ் யார், எதற்காக இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார், சொல்லுங்கள் சித்தப்பா என்று கேட்டாள். சூத்திரம் எனக்குத் தெரியும். ஆனால் மனிதரைப் பற்றி அன்றிரவு என்னால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

கும்பகோணத்துக்காரரின் நண்பர்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில், வசதியும் படிப்பும் உள்ள ஒரு பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் 1912-இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் பாடம் நடத்திய கல்லூரி அது. மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் அங்கே அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

1913-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று இங்கிலாந்து போனார். சும்மா சுற்றிப் பார்க்கக் கேம்பிரிட்ஜுக்கு ஒரு நாள் போனவர், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்துக் கொண்டே நின்றதில் லண்டனுக்குப் போகும் கடைசி ரயிலைக் கோட்டை விட்டார். அன்றிரவு நண்பர் ஒருவரோடு தங்க வேண்டியதாயிற்று. அந்த நண்பரின் பேச்சைக் கேட்டு, கிங்ஸ் கல்லூரியிலேயே சேர்ந்து விட்டார். ரயிலைத் தவற விட்டதும் சில சமயம் நல்லதுக்குத்தான்.

அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர்களில் ஒருவர் நமக்கு மிக நெருக்கமானவர். ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அந்தக் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன்தான் அவர். ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் வந்தார். இருவரும் சேர்ந்து நடக்கப் போவார்கள். குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொல்ல, மகலனோபிஸ் அவருடைய அறைக்குப் போய்ப் பார்த்தார். படுக்கையில் கம்பளிகளை ஒழுங்காக விரித்துச் செருகி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்து படுத்துக் கொள்ள வேண்டும் என்பது தெரியாமல், ராமானுஜன் அவற்றின் மேலேயே படுத்து நடுங்கிக் கொண்டிருந்திருக்கிறார். மகலனோபிஸ்தான் கம்பளிக்கு உள்ளே புகுந்து படுக்கக் கற்றுக் கொடுத்தார்.

இன்னொரு சம்பவம் கணித மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பத்திரிகையில் வந்த புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். மகலனோபிஸ் போட்டுப் பார்த்துச் சில நிமிஷத்தில் விடை கண்டுபிடித்தார்: 288 வீடுகள், 204-ஆம் வீடு. அடுப்படியில் காய் கிண்டிக் கொண்டிருந்த ராமானுஜனோ, இந்த மாதிரியான எல்லாத் தெருவுக்கும் பொருந்தும் பொது விடையை ஒரு தொடர் பின்னமாகவே சொல்லி விட்டார். ஒரு விடையோடு நின்று விடாமல், எல்லா விடைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதை அன்று அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

கப்பலில் படித்த புத்தகங்கள்

1915-இல் இயற்பியலில் முதல் வகுப்பு. கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யவும் ஏற்பாடாகி இருந்தது. அதற்கு முன் விடுமுறைக்கு ஊர் திரும்பலாம் என்றால், உலகப் போரால் கப்பல் புறப்படத் தாமதம். காத்திருந்த நாட்களில் ஓர் ஆசிரியர் அவருக்கு பயோமெட்ரிக்கா என்ற இதழின் தொகுதிகளைக் காட்டினார். உயிரினங்களை அளந்து, அந்த அளவுகளைக் கணக்கால் ஆராயும் இதழ் அது. முழுத் தொகுதியையும் விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படித்துக் கொண்டு வந்தார். கேவண்டிஷுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். சம்பளம் இயற்பியலுக்கு, மனசு புள்ளியியலுக்கு என்றாகி விட்டது.

1923-இல் நிர்மல் குமாரியை மணந்தார். பெண்ணின் தந்தைக்கு இதில் சம்மதமில்லை. தாய்மாமன் நீல்ரத்தன் சர்க்கார்தான் பெண் வீட்டார் இடத்தில் நின்று திருமணத்தை நடத்தி வைத்தார். கவிஞர் தாகூருக்கு இந்தத் தம்பதியர் கடைசி வரை நெருக்கமானவர்கள். விசுவபாரதி தொடங்கிய 1921-லிருந்து பத்து ஆண்டுகள் அதன் இணைச் செயலாளராகவும் மகலனோபிஸ் இருந்தார்.

மூக்கை அளந்த காலம்

இனி என் அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

1920-இல் நாகபுரியில் நடந்த அறிவியல் மாநாட்டில், விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் நெல்சன் அனண்டேலை மகலனோபிஸ் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களை அளந்து வைத்திருந்த அனண்டேல், அந்த எண்களை என்ன செய்வதென்று இவரிடம் கேட்டார். 1922-இல் அவர்களுடைய உயரத்தைப் பற்றி மகலனோபிஸ் எழுதிய ஆய்வுரைதான் புள்ளியியலில் அவருடைய முதல் படைப்பு.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். வெள்ளைக்கார அதிகாரியான ரிஸ்லி, 1891-இல் வங்காளத்து மக்களின் தலை, மூக்கு அளவுகளை வெளியிட்டிருந்தார். மூக்கு அகலமாக ஆக சமூகத்தில் படி இறங்கும் என்று ஒரு கொள்கையே வகுத்திருந்தார். ஒரே ஓர் அளவு. அதை வைத்து மனிதரை மேல், கீழ் என்று அடுக்குவது!

மகலனோபிஸ் அதே ரிஸ்லியின் எண்களைக் கையில் எடுத்தார். ஓர் அளவை மட்டும் பார்க்காமல் பல அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். 1920-களில் அவர் செய்த இந்த ஆய்வில், வங்காளத்து பிராமணர்கள் மற்ற மாகாணத்து பிராமணர்களைவிட, தங்கள் பக்கத்தில் வாழும் மற்ற வங்காளச் சாதியாருக்கே நெருங்கியவர்கள் என்று தெரிந்தது. பிற்பாடு 1933-இல் ரிஸ்லியின் எண்களிலேயே இருந்த பிழைகளையும் திருத்தி வெளியிட்டார்.

பல அளவுகளை ஒன்றாக வைப்பது என்றால் எப்படி? கூட்டி விட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். குணங்கள் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். உயரமானவருக்குக் காலும் நீளம், கையும் நீளம். மூன்றையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே சங்கதியை மூன்று தடவை எண்ணியதாக ஆகும். லண்டனில் கார்ல் பியர்சன் அப்போது வைத்திருந்த அளவுகோல் இந்த உறவைக் கணக்கில் எடுக்கவில்லை. எத்தனை பேரை அளந்தோம் என்பதைப் பொறுத்தும் அதன் விடை மாறியது. 1926-27-இல் பியர்சனின் ஆய்வகத்துக்கே போய் வேலை செய்தவர் மகலனோபிஸ். பெரியவர் மேல் மரியாதை இருந்தது, ஆனால் ஒத்துக் கொள்ளவில்லை. 1930-இல் தன் முறையைக் கல்கத்தாவிலேயே வெளியிட்டார். 1936-இல் அதைப் பொதுமைப்படுத்தி, இன்று உலகம் மகலனோபிஸ் தூரம் என்று சொல்லும் வடிவத்தைக் கொடுத்தார்.

நம்ம ஊர் மக்காச்சோளத்தை வைத்தே சொல்கிறேன். கணக்குக்காக எண்களை நானே வைத்துக் கொள்கிறேன். ஒரு கொல்லையில் செடியின் சராசரி உயரம் 180 செ.மீ., திட்டவிலக்கம் 10. கருது இருக்கும் உயரம் சராசரி 80 செ.மீ., திட்டவிலக்கம் 5. செடி உயர்ந்தால் கருதும் மேலே போகும்; இரண்டுக்கும் ஒட்டுறவு 0.8.

இப்போது இரண்டு செடிகள். முதல் செடி 190 உயரம், கருது 85-இல். இரண்டாவது செடியும் 190 உயரம், ஆனால் கருது 75-இல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சராசரியிலிருந்து ஒரே அளவுதான் விலகியிருக்கின்றன. இரண்டு குணத்திலும் ஒவ்வொரு திட்டவிலக்கம். வர்க்கங்களைக் கூட்டினால் இரண்டு செடிக்கும் 2. ஆனால் மகலனோபிஸ் கணக்கில் இரண்டு வர்க்கத்தின் கூட்டுத்தொகையிலிருந்து, ஒட்டுறவையும் இரண்டு விலகல்களையும் பெருக்கி அதன் இரு மடங்கைக் கழித்து, ஒன்றில் ஒட்டுறவின் வர்க்கம் போக மீதியால் வகுக்க வேண்டும். முதல் செடிக்கு 0.4-ஐ 0.36-ஆல் வகுத்தால் 1.1. இரண்டாவது செடிக்கு 3.6-ஐ 0.36-ஆல் வகுத்தால் 10!

முதல் செடி எல்லோரும் எதிர்பார்க்கிற மாதிரி வளர்ந்தது. இரண்டாவது செடி, தட்டையும் உயரமாக இருந்து கருதும் தாழ்வாக இருக்கிற அபூர்வம். விவசாயிக்கு அதன் அருமை தெரியும். மாட்டுக்குத் தட்டையும் கிடைக்கும், காற்றடித்தால் சாயவும் சாயாது. எங்கள் கொல்லையில் ஒரு வருஷம், கருது பெரிசு என்ற ஒன்றை மட்டும் பார்த்து விதை வாங்கிப் போட்டோம். ஐப்பசிக் காற்றில் பாதிக்கு மேல் சாய்ந்து போனது. கருது பெரிசுதான்; அதோடு சேர்ந்து வந்த மற்ற குணங்களை நாங்கள் பார்க்கவில்லை. என் தொழிலே கணக்கு, இருந்தும் கோட்டை விட்டேன்.

இரண்டு குணத்துக்கு இது. என் அண்ணன் மகளின் 12 குணங்களுக்கு 66 ஒட்டுறவுகள். 30 வகைகளில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு தூரம், ஆக 435 தூரங்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கையால் சுற்றும் கணக்கு இயந்திரங்களை வைத்துக் கொண்டு மகலனோபிஸின் சீடர்கள் இப்படிப்பட்ட கணக்கைப் போட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூரத்துக்கு மேல், கீழ் கிடையாது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் எவ்வளவு தூரமோ, அரியலூரிலிருந்து பெரம்பலூரும் அவ்வளவு தூரம்தான். மூக்கை அளந்து படிக்கட்டு கட்டிய காலத்தில், படிக்கட்டே இல்லாத ஓர் அளவுகோலை அவர் கொடுத்தார். இதுதான் என் பார்வையில் அவர் செய்த மிகப் பெரிய காரியம்.

ஓர் அறையில் தொடங்கிய நிறுவனம்

பிரசிடென்சி கல்லூரியில் தன் அறையின் ஒரு பகுதியில் அவர் நடத்திய புள்ளியியல் ஆய்வகம், 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக உருவெடுத்தது. முதல் வருஷச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933-இல் சங்கியா என்ற இதழைத் தொடங்கினார். ராஜ் சந்திர போஸ், சமரேந்திரநாத் ராய் போன்ற கணித மேதைகள் வந்து சேர்ந்தார்கள். அங்கே எல்லோருக்கும் அவர் புரொபசர்தான்.

1941-இல் சி.ஆர். ராவ் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். அதே வருஷம் உத்தரப் பிரதேசப் பகுதியில் 22 மக்கள் குழுக்களில் எடுக்கப்பட்ட உடல் அளவுகளை, மானிடவியலாளர் மஜும்தாரும் ராவும் மகலனோபிஸும் சேர்ந்து ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டார்கள். இடையில் 1946-இல் ராவ் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். சூடானில் தோண்டி எடுத்த பழங்கால எலும்புகளை ஆராய அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்த டி-ஸ்கொயர் முறை! இங்கிலாந்தில் வாங்கிய புத்தகங்களைக் கப்பலில் படித்துக் கொண்டு வந்தவர், முப்பது வருஷத்தில் இங்கிருந்து அங்கே கணக்கை அனுப்பினார்.

அவர் செய்த மற்ற காரியங்களைச் சொல்லப் போனால் மலர் முழுவதும் வேண்டும். 1926-இல் ஒரிசாவில் பெருவெள்ளம். ஆற்றின் படுகை உயர்ந்து விட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். அறுபது வருஷத்து மழை, வெள்ளக் கணக்கை எடுத்துப் பார்த்து, படுகை உயரவில்லை, மேலே அணை கட்டுவதுதான் வழி என்றார். 1937-லிருந்து வங்காளத்தில் சணல் விளைச்சலை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டுக் காட்டினார். குலுக்கலில் விழுந்த கொல்லையில்தான் கயிறு பிடித்து அறுத்து எடை போட வேண்டும் என்று நாங்கள் இன்றும் செய்கிற பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு நாட்டில் வழி வகுத்தவர்களில் அவரும் ஒருவர். ரோட்டோரம் நல்ல கொல்லை இருக்கும்போது, சேற்றில் இறங்கி இந்தக் கொல்லைக்கு எதற்கு வருகிறீர்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். நம் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்தால் கணக்கு பொய்யாகி விடும் என்பதுதான் அதற்குப் பதில்.

1945-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவருடைய முயற்சியால் தொடங்கியது. 1956-இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அவருடைய கணக்கின் மேல் எழுந்தது. கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்து விவசாயத்தைப் பின்னால் தள்ளி விட்டது என்று அந்தத் திட்டத்தின் மேல் குறை சொல்பவர்கள் உண்டு. விவசாயி வீட்டுப் பிள்ளையான எனக்கும் அந்தக் குறை உண்டு. பெரிய மனிதர்கள் செய்ததெல்லாம் சரி என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. அதே 1956-இல், இந்தியாவின் முதல் மின்னணுக் கணினி அவருடைய நிறுவனத்தில் வந்து இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜீன்களைத் தேடும் கணக்கு

1957-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் இங்கிலாந்தை விட்டு வந்து மகலனோபிஸின் நிறுவனத்தில் சேர்ந்தார். நிறக்குருடும் ரத்தம் உறையாமை நோயும் ஒரே குரோமோசோமில் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்று 1937-இல் ஜூலியா பெல்லோடு சேர்ந்து கணக்கிட்டவர் அவர். பிறகு கருத்து வேற்றுமையால் 1961-இல் விலகி, புவனேசுவரத்தில் 1964-இல் காலமானார். ஒரே கூரையின் கீழ், ஜீன்களின் இடத்தைக் கணக்கால் தேடியவரும் பல குணங்களின் தூரத்தைக் கணக்கிட்டவரும் சில வருஷம் இருந்தார்கள். இந்த இரண்டு கணக்கும் இன்று ஒன்றாகி விட்டன. எப்படி என்று சொல்கிறேன்.

1931-இல் அமெரிக்காவில் ஹோட்டலிங், பல குணங்களை ஒன்றாக வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனை ஒன்றைத் தனியாகக் கண்டுபிடித்தார். உரித்துப் பார்த்தால் அது டி-ஸ்கொயரை ஓர் எண்ணால் பெருக்கியதுதான். இப்போது 50 தூய மக்காச்சோள வகைகளை எடுத்துக் கொள்ளுங்கள். குரோமோசோமில் ஓர் இடத்தில் 25 வகைகளுக்கு ஒரு வடிவ ஜீன், மற்ற 25-க்கு வேறு வடிவம். முதல் குழு செடி உயரத்தில் 3 செ.மீ. கூடுதல், கருதின் உயரத்தில் 1.5 செ.மீ. குறைவு. முன் சொன்ன திட்டவிலக்கத்தில் இரண்டும் 0.3 பங்குதான்.

குணங்களைத் தனித்தனியாகச் சோதித்தால் இரண்டிலும் கிடைக்கும் எண் 1.1. ஜீனுக்குப் பங்கு உண்டு என்று சொல்ல 4 வேண்டும். ஆகவே இரண்டிலும் ஒன்றுமில்லை என்று மூடி வைத்து விடுவோம். இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் 11.25 வருகிறது, வேண்டியது 6.5 தான். ஜீன் அகப்பட்டு விட்டது! தனித்தனியே பார்த்தவன் கண்ணில் படாதது, சேர்த்துப் பார்த்தவன் கண்ணில் படுகிறது.

எப்போதும் இப்படி லாபம் வரும் என்று நினைத்து விடக் கூடாது. அதே ஜீன் இரண்டு குணத்தையும் ஒரே பக்கம் உயர்த்தியிருந்தால், சேர்த்துப் பார்த்தாலும் 1.25 தான். குணங்கள் வழக்கமாகப் போகும் வழியை விட்டு விலகிப் போகும்போதுதான் இந்தக் கணக்கு பளிச்சென்று காட்டும். அதோடு, ஓர் இடத்தை மட்டும் சோதித்தால்தான் இந்த எல்லை. ஆயிரக்கணக்கான இடங்களைச் சோதிக்கும்போது எல்லையையும் உயர்த்த வேண்டும், வகைகளையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் தற்செயலையே ஜீன் என்று கொண்டாடி விடுவோம்.

இன்னும் இரண்டு சங்கடங்கள். ஓர் இடம் இரண்டு குணத்தையும் இழுக்கிறது என்றால், அது ஒரே ஜீனின் இரண்டு வேலையா, அல்லது பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு ஜீன்களா? ஒரே ஜீன் என்றால் பிரிக்க முடியாது. இரண்டு என்றால், போதுமான செடிகளைக் கலப்பு செய்து நல்லதை வைத்துக் கொண்டு கெட்டதைக் கழிக்கலாம். 1995-இல் ஜியாங், ஜெங் என்ற இருவர் பல குணங்களைச் சேர்த்து ஜீன்களின் இடத்தைத் தேடும் முறையை வகுத்தபோது, இந்தக் கேள்வியைச் சோதிக்கவும் வழி சொன்னார்கள். அடுத்தது மண். கரிசலில் விதைத்தால் உயரமும் கூடும், மணியும் கூடும். அந்த ஒட்டுறவு மண் கொடுத்தது, ஜீன் கொடுத்ததல்ல. அதனால்தான் ஒரே வகையைப் பல இடத்தில் திரும்பத் திரும்ப விதைத்து, மண்ணின் பங்கைப் பிரித்து எடுக்கிறார்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டுக்குள் நுழைந்தது. அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் கொல்லைகளைக் குருத்து குருத்தாகத் தின்று தீர்த்தது. எத்தனை குடும்பங்கள் போட்ட முதலை இழந்தன என்பது இதைப் படிக்கிற பலருக்கும் சொந்த வீட்டுக் கதை. புழுவைத் தாங்கும் ஜீன் ஒன்று கிடைத்தால் போதாது. அது விளைச்சலைக் குறைக்குமா, பூப்பதைத் தள்ளிப் போடுமா, தட்டையை மெலிய வைக்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து விதை வாங்கி, ஐப்பசிக் காற்றில் நாங்கள் இழந்ததை ஒரு மாவட்டமே இழக்கும்படி ஆகி விடக் கூடாது.

முடிவாக

1968-இல் பத்ம விபூஷண் பெற்ற மகலனோபிஸ், 1972 ஜூன் 28-ஆம் தேதி காலமானார். விடிந்தால் 79-ஆவது பிறந்த நாள். அந்தப் பிறந்த நாளை 2007-லிருந்து அரசு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

ஒரு ஜூன் 29-ஆம் தேதியன்று நம் கல்லூரியில் கணிதம், தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, பக்கத்துக் கொல்லையில் நூறு செடிகளை ஐந்து குணங்களுக்கு அளந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அளவு நாடா ஒன்றும் ஒரு தராசும் போதும். கணிதக்காரருக்கு அணி எதற்கு என்று புரியும். தாவரவியல்காரருக்குச் சூத்திரம் எதற்கு என்று புரியும். கூப்பிட்டால், வயதைப் பார்க்காமல் நானும் கொல்லையில் இறங்குகிறேன்.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அவள் தன் 30 வகைகளின் பட்டியலை மறுபடி எடுத்தாள். மணி எடையில் கடைசியில் இருந்ததால் ஒதுக்கி வைத்திருந்த ஒரு வகை, டி-ஸ்கொயரில் மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெகு தூரத்தில் நின்றது. அதை அடுத்த பருவத்துக் கலப்பில் தாயாக வைத்திருக்கிறாள். என்ன வரும் என்பது அடுத்த தைக்குத்தான் தெரியும். ஒரே மார்க்கை வைத்து யாரையும் தள்ளி விடாதீர்கள் என்று நம் ஆசிரியர்கள் சொன்னதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.